எல்லாருக்கும் ஆமாம் சொன்னவன்

அவனிடம் மட்டும் வழி கேட்கக் கூடாது. திருச்சியில், காட்டூர் பஸ் ஸ்டாப்பில் அவன் நிற்கும்போது யாராவது பையும் கையுமாக ஓடி வந்து, "தம்பி, இந்த பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும்ல?" என்று கேட்டால், "போகும்ங்க, ஏறுங்க" என்று சொல்லிவிடுவான். பஸ் தஞ்சாவூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஏறியவர் கண்டக்டரிடம் திட்டு வாங்கித் திருவெறும்பூரில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். நான் பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கேட்டால், "பாவம்டா, போகும்னு நம்பி ஓடி வராரு. மூஞ்சிக்கு நேரா போகாதுன்னு எப்படிச் சொல்றது?" என்பான்.

அவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தனக்காக அவன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் நிற்பவர் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் அதற்கு இல்லை என்று சொல்ல அவனால் முடியாது, அவ்வளவுதான். நாம் பேசி முடிப்பதற்குள் அவன் தலை ஆட ஆரம்பித்துவிடும். ஆள் நல்ல உயரம். அந்த உயரத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவனாக எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பான்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான். ஒரே வெல்டிங் மெஷினை இரண்டு சூப்பர்வைசர்களுக்கும் "உங்களுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றபோது பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட கதை அந்தக் கம்பெனியில் பிரசித்தம். அவன் மனைவி என்னிடம் சொல்லுவாள்: "அண்ணா, இவர்ட்ட புடவை நல்லாருக்கான்னு கேக்கறதுக்கு பீரோக் கண்ணாடியையே கேட்டுடலாம். கண்ணாடியாவது உள்ளதச் சொல்லும்." அவனும் பக்கத்தில் நின்றபடி ஆமாம் என்று தலையாட்டுவான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒருவனோடு சண்டை போடவும் முடியாது.

இந்த மனிதன் ஒரு காலத்தில் ராக் பாட்டுப் பாடினான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். காலேஜில் படிக்கும்போது நாங்கள் மூன்று பேர். அவன் கிதார் வாசித்துப் பாடுவான். நான் டிரம்ஸ். இன்னொருவன் பேஸ் கிதார். அந்த இன்னொருவன் இப்போது கனடாவில் இருக்கிறான். காட்டூரில் என் சித்தப்பா பாதி கட்டி நிறுத்தி வைத்திருந்த வீட்டில்தான் பிராக்டிஸ். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. அக்கம்பக்கத்தார் எங்களை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அங்கேதான் அவன் அந்தப் பாட்டை எழுதினான். 'நேரமாகும்' என்று பேர். சாவைப் பற்றிய பாட்டு. கிதார் மெதுவாக ஆரம்பிக்கும். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு போன் பண்ணிப் பேசுகிற மாதிரி சாதாரணக் குரலில் அவன் பாடுவான்.

தட்டுல சோறு போட்டு மூடி வைக்காத,
வாசல் லைட்ட எரிய விட்டு வைக்காத,
கட்ட வெந்து முடிஞ்சாச்சு,
சாம்பல் ஆத்துல கரைஞ்சாச்சு,
காத்திருக்காத, நான் வர நேரமாகும்.

அதற்குப் பிறகு கிதார் சத்தம் ஏறும். நான் டிரம்ஸை அடித்து நொறுக்குவேன். எல்லாம் உச்சத்துக்குப் போய்ப் பட்டென்று நின்றுவிடும். கடைசி வரியை மட்டும் வாத்தியம் இல்லாமல் அவன் ஒருமுறை சொல்லுவான். பாட்டு முடிந்தது.

எழுதிக் கொண்டுவந்த அன்றைக்கே எங்களுக்குள் சண்டை. பேஸ்காரன் சொன்னான், "செத்தவன்தான்டா பாடறான். வீட்ல இருக்கறவங்கள காத்திருக்காதீங்க, நான் வர மாட்டேன்னு சொல்றான். மாட்டேன்னு சொல்ல மனசு வராம நேரமாகும்ங்கறான்."

"ஆமாடா," என்றான் அவன்.

"அதெல்லாம் இல்ல," என்றேன் நான். "இருக்கறவன்டா பாடறான். செத்துப் போனவன்ட்ட சொல்றான். நீ முன்னால போ, எனக்காகக் காத்திருக்காத, நான் அங்க வர இன்னும் ரொம்ப நாளாகும்னு."

"அதுவும் ஆமாம்தான்டா," என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் டிரம்ஸ் குச்சியைத் தூக்கி அடித்தேன். அவன் குனிந்துகொண்டான். பிறகு பேஸ்காரன் அதை ஒப்பாரியாகவே வாசித்தான். நான் அதை ஓர் ஆள் உயிரோடு இருக்க அடம்பிடிக்கிற பாட்டாக அடித்தேன். பாடியவன் நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அதனால்தான் அந்தப் பாட்டு ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

காலேஜ் விழாவில் பாடினோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. படிப்பு முடிந்தது, ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் கடை வைத்தேன். பல வருடம் கழித்து, கனடாக்காரன் ஊர் நினைப்பில் அந்தப் பழைய ரெக்கார்டிங்கைத் தேடி எடுத்து யூடியூபில் போட்டான். போட்டவன் சும்மா இருக்காமல், பாட்டு எழுதியவனின் பேரையும் போன் நம்பரையும் கீழே போட்டுவிட்டான். முதல் ஆறேழு மாதம் நாங்கள்தான் பார்த்தோம். அப்புறம் யாரோ ஒருவர் தன் அப்பாவின் போட்டோவை வைத்து, இந்தப் பாட்டின் அந்த ஐந்து வரியைப் பின்னால் ஓடவிட்டு வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நாளில் திருச்சிப் பக்கம் நினைவு நாள் என்றாலே இந்தப் பாட்டுதான் என்று ஆகிவிட்டது.

போன் வர ஆரம்பித்தது. அவன் ஒன்றையும் விடாமல் எடுப்பான். சனிக்கிழமை வேலை முடிந்து என் கடைக்கு வருவான், ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேசுவான். ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏன்டாப்பா, இத சாவுப் பாட்டு சாவுப் பாட்டுன்னு சொல்லிண்டு திரியறாளே எல்லாரும். இது ஜீவாத்மா பெருமாள்ட்ட விண்ணப்பிக்கறதுன்னோ? அவன் பரமபதத்துல கதவத் திறந்து வெச்சுண்டு காத்திண்டிருக்கான். ஜீவன் கர்மாவத் தீத்துட்டு வரேன், நேரமாகும்னு சொல்றது. நான் சொல்றது சரியா?"

"ரொம்ப சரிங்க சாமி. நான் அப்படித்தான் நெனச்சு எழுதினேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். போனை வைத்ததும், "ஏன்டா, பெருமாள் தட்டுல சோறு போட்டு மூடி வைப்பாராடா?" என்றேன். "அவருக்கு அப்படித் தோணுதுல்ல, விடேன்," என்றான்.

கம்பெனியில் ஒரு வெல்டர் அதை ஓவர்டைம் பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பல் என்று வருகிறதே என்று கேட்டதற்கு, வேலையில் வெந்து சாம்பலாகிறோம் இல்லையா என்றாராம். அதற்கும் ஆமாம். நிச்சயதார்த்தம் நின்றுபோன ஒரு பெண், இதில் சாவே இல்லை, பிரிந்து போனவன் சொல்லிக்கொள்ளும் சாக்கு என்றாள். அதற்கும் ஆமாம்.

பெரிய கடை வீதிப் பக்கம் அத்தர்க் கடை வைத்திருந்த பாய் ஒருவர் போனில் விசாரித்துக்கொண்டு என் கடைக்கே நேரில் வந்தார். அவர் தம்பி சவூதியில் தம்மாமில் டிரைவராக இருந்து, அங்கேயே நெஞ்சு வலி வந்து இறந்து, அங்கேயே அடக்கம் ஆகிவிட்டவர்.

"மய்யித்தக்கூட பாக்கலங்க தம்பி. அந்த மண்ணுலயே வெச்சுட்டாங்க. எங்கம்மா அதுக்கப்புறமும் அவனுக்குன்னு தட்டு எடுத்து வெப்பாங்க. உங்க பாட்டக் கேட்டேன். அவனே போன் பண்ணிப் பேசற மாதிரி இருந்துச்சு. அம்மாவப் பாத்து, காத்திருக்க வேணாம், சாப்புடுங்க, மறுமையில பாத்துக்கலாம்னு சொல்றான். அப்படித்தானே தம்பி?"

"அப்படித்தான் பாய்."

பாய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன அத்தர் பாட்டிலை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அவனைக் கிண்டல் பண்ணவில்லை. அந்த மனிதர் வந்தபோது இருந்ததைவிட லேசாகத்தான் போனார், அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் கேட்டேன்: "பெரியவருக்கும் ஆமாம், பாய்க்கும் ஆமாம். எதுதான்டா நெசம்? எழுதினவன் நீதானே?"

"எழுதி வெளிய விட்டாச்சுல்லடா. இனிமே கேக்கறவங்களுக்கு எது வேணுமோ அது." யோசித்துவிட்டு, "எனக்கே மறந்து போச்சுடா," என்றான்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருந்தால் இவனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா அவனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். திருவெறும்பூரில் வீடு, கணவருக்கு ஃபேக்டரியில் வேலை. ஒரே பையன், இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். போன ஆடி அமாவாசை அன்று ஆற்றில் போய்விட்டான். உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழாமல் நின்றபடியே சொன்னார்கள்.

"எங்க மாமனார் முந்தின வருஷம் தவறிட்டாரு தம்பி. அவருக்குத் திதி கொடுக்க அப்பாவும் பிள்ளையும் ஸ்ரீரங்கம் போனாங்க. அம்மா மண்டபத்துல நிக்க எடமில்லன்னு அங்கயே மேலூர்ப் பக்கம் ஒரு படித்துறைக்குப் போயிருக்காங்க. அவருக்கு முட்டி வலி, எறங்க முடியாது. பிண்டத்தக் கரைக்கப் பிள்ளைய எறக்கி விட்டுருக்காரு. அவன் படிகிட்டயே விடப் போனானாம். ஓரத்துல விடாதடா, நின்ன தண்ணியில விட்டா தாத்தாவுக்குப் போய்ச் சேராது, ஓடற தண்ணியில விடு, இன்னும் கொஞ்சம் உள்ள போன்னு இவருதான் சொல்லியிருக்காரு. சொல்லிட்டு ஐயர்ட்ட பேசத் திரும்பிட்டாரு. மறுபடி பாக்கறப்ப பிள்ளயக் காணோம்."

 அந்த அம்மா தொடர்ந்தார்கள்.

"அன்னைக்குக் காலையில உங்க பாட்டத்தான் ஸ்டேட்டஸ் வெச்சிருந்தான். அத வெச்சுக்கிட்டு அவனாத்தான் போயிட்டான்னு ஊர்ல பேசறாங்க. அவங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு. அன்னைக்குக் காலையில நான் அவனத் திட்டினேன் தம்பி. அரியர் வெச்சிருந்தான். நீ இருந்து என்ன பிரயோசனம்னு கேட்டுட்டேன். தெனம் எல்லா அம்மாவும் சொல்றதுதான். அன்னைக்குன்னு என் வாயில வந்துச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "அந்தப் பாட்ட அவன் தாத்தாவுக்குத்தானே வெச்சான்? காத்திருக்காத தாத்தா, நான் அங்க வர நாளாகும், நான் இருக்கணும்னு சொல்றதுதானே அது?"

அவன் தலை எப்போதோ ஆட ஆரம்பித்திருந்தது. "ஆமாம்மா. இருக்கறவன் பாடற பாட்டுதான் அது. சாக நெனைக்கறவன் அத வெக்க மாட்டான்."

அந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்கள். அவன் மனைவி கொண்டுவந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்கள். பிறகு சாதாரணமாக, பக்கத்து வீட்டு விஷயம் பேசுகிற குரலில், "அப்ப அவருதான் எம்புள்ளயக் கொன்னுட்டாரு," என்றார்கள். அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. அதற்குள் அவர்கள் எழுந்து, "வரேன் தம்பி, நல்லா இருங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அந்தப் பையனின் அப்பா அவனை கம்பெனி வாசல் டீக்கடையில் பிடித்துவிட்டார். இது அவன் சொல்லி நான் கேட்டது. அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல், "சார், அந்தப் பாட்டு வீட்ட விட்டுப் போறவன் சொல்லிக்கிட்டுப் போறதுதானே? சோறு போட்டு வெக்காதன்னு அவங்கம்மாவத்தானே சொல்றான்? காலையிலயே முடிவு பண்ணிட்டுத்தானே சார் கெளம்பியிருக்கான்? கொஞ்சம் உள்ள போடான்னு நான் சொன்னதுனால இல்லல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

இவன் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான்.

"அந்தம்மாட்ட என்னடா சொன்ன?" என்று கத்தினேன். கடையில் சார்ஜர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மனுஷன் டீயக் கையிலயே ஆற விட்டுட்டு என் வாயையே பாத்தாருடா. என்னால முடியல."

"உனக்குப் புரியுதாடா? ஒருத்தர விடுதலை பண்ணினா இன்னொருத்தருக்குத் தண்டனை. அவங்க ஒரே வீட்ல இருக்காங்க."

"ஆமாடா," என்றான். அவனுக்குப் புரிந்துதான் இருந்தது.  புரிந்து என்ன பண்ண?

நான் பயந்தபடியே நடந்தது. வீட்டில் ஒரு சண்டையில் இரண்டு பேரும் அவன் சொன்னதை ஒருவர் மேல் ஒருவர் எடுத்து எறிந்திருக்கிறார்கள். பாட்டு எழுதியவரே சொன்னார் என்று அந்த அம்மா சொல்ல, என்னிடமும் அவர்தான் சொன்னார் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு சாயந்தரம் இரண்டு பேரும் வரப் போவதாகப் போன் வந்ததும், அவன் என்னைக் கூப்பிட்டான். நான் போனேன். அவர் பைக்கில் வந்தார். அந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார்கள். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்க, இவகிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்க," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

"எது நெசம்னு மட்டும் சொல்லிடுங்க தம்பி," என்றார்கள் அந்த அம்மா. "எதுவா இருந்தாலும் ஏத்துக்கறோம்."

ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அவன் எதைச் சொன்னாலும் அந்த இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்கு வீடு திரும்புவது சந்தேகம்தான். தெரியாது என்றாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மையும்கூட. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆற்றுக்குத்தான் தெரியும். அவன் அந்த அம்மாவைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தான். இரண்டு முகத்துக்கும் சேர்த்து ஆமாம் சொல்ல வழியில்லை. எனக்குத் தெரிந்து அவன் தலை ஆடாமல் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

"நீங்க சொல்றதும் இல்லம்மா, ஐயா சொல்றதும் இல்ல," என்றான். "அது சாகக் கூப்புடற பாட்டு. வா வான்னு கூப்புடற பாட்டு. அப்படி நெனச்சுத்தான் எழுதினேன். உங்க பிள்ள மனசுல ஒண்ணும் இல்ல. நீங்க திட்டினதும் காரணம் இல்ல, ஐயா உள்ள போகச் சொன்னதும் காரணம் இல்ல. என் பாட்டு காதுல இருந்துச்சு, அதான் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

சமையலறை வாசலில் அவன் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் எழுந்து, "டேய், என்னடா சொல்ற?" என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் எழுந்து வந்து அவனை அறைந்தார். அவன் குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். இரண்டாவது முறை கையை ஓங்கினபோது அந்த அம்மா ஓடி வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாங்க, இவனத் தொட்டா நம்ம கைக்குத்தான் பாவம்," என்று சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார்கள். அந்தப் பையன் போனதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். போகும்போது ஒரே பைக்கில் போனார்கள்.

அவன் நினைத்தது நடந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பாட்டை எழுதியவன் வாயால் சொன்ன அர்த்தம் அந்த வீட்டோடு நிற்குமா? அந்தப் பையனின் அப்பா யூடியூபில் போய், இது பிள்ளைகளைச் சாகக் கூப்பிடும் பாட்டு, எழுதியவனே ஒப்புக்கொண்டான் என்று எழுதினார். கனடாக்காரனிடம் சொல்லிப் பாட்டை எடுக்க வைத்தோம். அதற்குள் அது எத்தனையோ பேரிடம் போய்விட்டிருந்தது. ஆளாளுக்குப் போட்டார்கள், போட்ட இடத்தில் எல்லாம் அவரும் எழுதினார். அதைப் படித்துவிட்டே புதிதாகக் கேட்க வந்தார்கள். கேட்டால் சாகத் தோன்றுகிறதா பார்க்கலாம் என்று பந்தயம் கட்டிக் கேட்டார்கள். ஓவர்டைமும் போனது, பெருமாளும் போனார். நான் உயிரோடு இருக்க அடம்பிடித்து அடித்த அடியைக்கூட, கேளுங்கள், சுடுகாட்டுக்குப் போகிற மேளம் மாதிரி இல்லையா என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்கு அழுகை வந்தது.

பாய் மறுபடி கடைக்கு வந்தார். அவன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான்.

"எங்கம்மா தெனம் அந்தப் பாட்டப் போடச் சொல்லிக் கேட்டாங்க தம்பி. அப்புறந்தான் ரெண்டு வாய் சாப்புடுவாங்க. இப்ப என்னென்னமோ சொல்றாங்களே. அன்னைக்கு நீங்க எங்கிட்ட சொன்னது பொய்யா?"

அங்கே ஆமாம் என்று சொன்னாலும் கேடு, இல்லை என்று சொன்னாலும் கேடு. இல்லை என்றால் அந்தக் கணவன் மனைவி காதுக்கு அது போய்ச் சேரும். அவன் தலை குனிந்துகொண்டான். பாய் போனை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பாட்டை அழித்தார். அவருக்கு அழிக்கத் தெரியாமல், எப்படி என்று என்னிடம்தான் கேட்டார். நான்தான் அழித்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்ரீரங்கத்தில் திதி கொடுத்துவிட்டு, இப்போது தாத்தாவோடு பேரனுக்கும் சேர்த்து, நேராக அவன் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவர் பேச மாட்டார், மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவன் கேட்டுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பான். முடிந்ததும் இரண்டு பேரும் பைக்கில் ஏறிப் போவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும், அவனுடைய சின்னப் பெண்ணும் வாசலில் நின்று பார்ப்பாள். அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "நீங்க செய்யாதத செஞ்சேன்னு சொல்லிட்டீங்க. சரி. அதுக்கு எம்பொண்ணு ஏன் அந்த வாசல்ல நின்னு சாபம் வாங்கணும்?" என்று கேட்டாள். அவள் சொல்வதும் சரிதான் என்றான். அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கரூரில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. காட்டூர் வீட்டைக் காலி செய்துவிட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான். கடைசியாக நான் பார்த்தது தை அமாவாசை அன்று காலையில். அவர்கள் வருகிற நாளில் அவன் தனியாக நிற்க வேண்டாம் என்று கடையைத் திறக்காமல் போயிருந்தேன். பனியனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் சாமான்கள் பாதிதான் இருந்தன.

"டேய், நான் சொல்றத இன்னைக்கு ஒழுங்காக் கேளு," என்றேன். "நீ அந்தப் பாட்ட சாகக் கூப்புட எழுதல. நான் பக்கத்துல இருந்தேன். எனக்குத் தெரியும்."

"ஆமாடா," என்றான்.

"அந்தப் பையன் போனதுக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"இல்லதான்டா."

"வாய்க்கு வந்தத சொல்லாத. மனசார நம்பறியா?"

"நம்பறேன்டா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தெம்பாகச் சொன்னான்: "நீ கவலப்படாத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

 என்ன சொன்னால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேனோ அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னவனுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அவன் ஒப்புக்கொள்வான்.

வெளியே பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டான். மேல் பொத்தான் வரைக்கும் மாட்டினான். தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "நீ உள்ளயே இருடா, வெயிலா இருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் திறக்கப் போனான்.